ஸ்க்ரூ எந்த நாட்டுச் சரக்கு என்பதோடு விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கிக் கட்டும் இம்பிளாண்ட் பல்லில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவிஸ், கொரியா, இஸ்ரேல் என்று நாடுவாரியாகப் பிரித்து, எதிரே விலையைப் போட்டு, டைட்டானியம் என்கிற உலோகமா, ஜிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கானா என்று ஒரு கட்டமும் கட்டியிருந்தீர்கள். தப்பான தகவல் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் பல் கட்டிக்கொள்ளப் போகும் ஒருவர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், அவர் கேட்க வேண்டியவற்றில் பாதி அதில் இல்லை. அந்தப் பாதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். இடம் இல்லையென்றால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், இம்பிளாண்ட் டப்பாவில் வரும் ஸ்டிக்கரைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூர் சிவாஜி நகரில் பல் லேபில் வேலை. 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர்கள் சட்டத்தில் எங்கள் தொழிலுக்கு டென்டல் மெக்கானிக் என்று பெயர். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். பல் செட்டோ, மேலே மாட்டும் கேப்போ, பல பற்களைச் சேர்த்துக் கட்டும் பிரிட்ஜோ நாங்கள் செய்து அனுப்புவோம். ஆளின் முகத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை, வாயை மட்டும் நன்றாகத் தெரியும். அல்சூர், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துக் கிளினிக்குகளிலிருந்து ஆர்டர் சீட்டு வரும்: '46, இம்பிளாண்ட் கேப், ஷேட் ஏ3, வியாழக்கிழமை வேண்டும்.' 46 என்றால் கீழ் வரிசை வலப்பக்கத்து முதல் கடவாய்ப்பல். சீட்டில் அவ்வளவுதான் இருக்கும். உள்ளே இறக்கியிருப்பது எந்தக் கம்பெனி ஸ்க்ரூ, எத்தனை மில்லிமீட்டர், மேல் பாகம் உட்காரும் வாய் (பிளாட்ஃபார்ம்) எந்த அளவு என்று பல சீட்டுகளில் ஒரு வார்த்தை இருக்காது. போன் போட்டால் அங்கே வேலை செய்யும் பெண், "இருங்கண்ணா, டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்பாள். லேபுக்கே இந்தக் கதி என்றால் பணம் கட்டுகிறவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

இம்பிளாண்ட் போட்டுக்கொண்டேன் என்கிறவர்கள் அதை ஒரே பொருளாக நினைக்கிறார்கள். சாதாரணமாக அது மூன்று பாகம். எலும்புக்குள் இறங்குவது ஃபிக்ஸ்சர் என்கிற ஸ்க்ரூ. ஈறைத் தாண்டி மேலே நிற்பது அபட்மென்ட். அதன்மேல் உட்காருவது கேப். அபட்மென்ட்டை ஃபிக்ஸ்சரோடு பிடித்துவைக்க உள்ளே இன்னொரு பொடி ஸ்க்ரூவும் உண்டு. விளம்பரங்கள் முதல் பாகத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. பழுது என்று எங்கள் மேஜைக்குத் திரும்பி வருவதோ மேலே இருப்பவைதான். பீங்கான் உதிர்ந்திருக்கும், பொடி ஸ்க்ரூ லூசாகியிருக்கும், கேப் கழன்றிருக்கும்.

எலும்புக்குள் போகிற டைட்டானியத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்வீடனில் பெர் இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950களில் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியம் எலும்போடு சேர்ந்து பிடித்துக்கொண்டதைப் பார்த்தார். 1965இல் ஒரு மனிதருக்குக் கீழ்த்தாடையில் அதைப் பொருத்தினார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை அவர் வாயிலேயே வேலை செய்தன. இன்று நோபல் பயோகேர், ஸ்ட்ராமன், ஆஸ்டெம், டென்டியம், எம்.ஐ.எஸ்., ஆல்ஃபா பயோ என்று எத்தனை பெயர் சொன்னாலும் அடிப்படை அதேதான். பழைய ஐரோப்பியக் கம்பெனிகளிடம் நீண்டகால ஆராய்ச்சி அதிகம், விலையும் அதிகம். கொரியச் சரக்கை நல்ல கை போட்டால் அதுவும் ஒழுங்காக நிற்கிறது. சுமாரான கை போட்டால் எந்த நாட்டுச் சரக்கும் காப்பாற்றாது.

ஜிர்கோனியா விஷயத்தில் ஒரு குழப்பம் ஊரெங்கும் இருக்கிறது. ஜிர்கோனியாவிலேயே செய்த இம்பிளாண்ட் உண்டு. வெள்ளையாக இருக்கும், உலோகம் கிடையாது. ஆனால் பெங்களூரில் ஜிர்கோனியா இம்பிளாண்ட் என்று பில் வாங்கியவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது டைட்டானியம். மேலே கேப் மட்டும் ஜிர்கோனியா. அதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல கூட்டுதான். எதற்குப் பணம் கட்டினோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிஜமான ஜிர்கோனியா இம்பிளாண்ட் பலவும் ஒரே துண்டாக வருபவை, டைட்டானியம் அளவுக்கு நீண்டகால அனுபவம் அவற்றுக்கு இன்னும் சேரவில்லை, அழுத்தம் தப்பாக விழுந்தால் உடையவும் கூடும். முன்பல், ஈறு மெல்லியது, சிரித்தால் சாம்பல் நிழல் தெரியும் என்கிற பயம் இருந்தால் யோசிக்கலாம். அங்கேயும் டைட்டானியம் ஸ்க்ரூவின் மேல் ஜிர்கோனியா அபட்மென்ட் வைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். யாரும் பார்க்காத கடவாய்ப்பல்லுக்கு முழு ஜிர்கோனியா கேட்பது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. இதில் டாக்டர்கள் என்னோடு சண்டை போடலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. அறுபத்தைந்து வயதுக்காரர் பளிச்சென்ற ஏ1 ஷேட் கேட்கிறார் என்று சீட்டு வரும். பக்கத்துப் பற்களெல்லாம் மங்கலான ஏ3.5இல் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் டியூப் லைட் போட்டுக்கொண்டு நிற்கும். கேட்டதைச் செய்து அனுப்புவது எங்கள் வேலை, அனுப்புகிறோம்.

நீளமும் பருமனும் கேட்லாக்கைப் பார்த்து முடிவாவதில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு அந்த இடத்து எலும்பு ஒடுங்கத் தொடங்கும், முதல் வருஷத்தில்தான் அதிகம் ஒடுங்கும். பத்து வருஷம் காலியாக விட்டுவிட்டு வந்தவருக்கும் போன மாதம் பிடுங்கியவருக்கும் ஒரே ஸ்க்ரூ பொருந்தாது. கீழ்த்தாடைக்குள் உணர்வு நரம்பு ஓடுகிறது, அதற்கு மேலே இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். மேல் கடவாய்க்கு மேலே சைனஸ் என்கிற காற்றறை. இவற்றைச் சாதாரண எக்ஸ்ரேயில் தட்டையாகத்தான் பார்க்கலாம், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில் அகலமும் தெரியும். ஸ்கேன் எடுக்கும் முன்பே போனில் ரேட்டும் கம்பெனியும் சொல்கிற இடம் எதை வைத்துச் சொல்கிறது என்று எனக்குப் புரிவதில்லை. எலும்பு போதாதென்றால் எலும்புத் தூள் வைத்து வளர்ப்பது, சைனஸ் தரையை உயர்த்துவது, மேல்தாடை அடியோடு கரைந்தவர்களுக்குக் கன்னத்து எலும்பில் போய்ப் பிடிக்கும் நீளமான சைகோமேடிக் இம்பிளாண்ட் என்று வழிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது எல்லோரும் செய்யும் வேலை இல்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஆள் பார்த்துத்தான் போக வேண்டும்.

'மூன்றே நாளில் நிரந்தரப் பல்' என்று ஆட்டோ முதுகில்கூட விளம்பரம் வருகிறது. அது பெரும்பாலும் பேசல் என்கிற வகை. ஒரே துண்டு; ஸ்க்ரூவும் அபட்மென்ட்டும் சேர்ந்தே இருக்கும்; எலும்பின் மெத்தென்ற உள்பகுதியை நம்பாமல் கெட்டியான வெளிச்சுவரைப் போய்ப் பிடிக்கும்; பலவற்றைச் சேர்த்து ஒரே பிரிட்ஜாகச் சில நாட்களில் ஒட்டிவிடுவார்கள். எலும்பு குறைந்தவர்களுக்கு இதைப் போட்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு. வழக்கமான ஸ்க்ரூவை எலும்பு பிடிக்கக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம்வரை காத்திருக்கச் சொல்வதைக் கேட்டு அலுத்தவர்களுக்கு இது இனிப்பாகத்தான் இருக்கும். பல் டாக்டர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி இருப்பதால் வழக்கில் தலையிட மாட்டேன். லேபுக்காரனாக ஒன்று மட்டும் சொல்கிறேன்: இரண்டு துண்டு இம்பிளாண்டில் அபட்மென்ட் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியும், ஒரே துண்டில் அந்த வசதி கிடையாது. ஐந்து வருஷம் கழித்து ஒன்று மட்டும் கெட்டால் என்ன செய்வீர்கள் என்று போடுவதற்கு முன்பே கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பல்லும் போனவர்களுக்கு இம்பிளாண்ட் என்றாலே நாலு அல்லது ஆறு ஸ்க்ரூவில் ஒரு வரிசை முழுவதையும் நிறுத்தும் ஆல் ஆன் ஃபோர், ஆல் ஆன் சிக்ஸ் என்று லட்சங்களில் பேச்சு தொடங்குகிறது. என் பெரியம்மாவுக்குக் கீழ் செட்டு நிற்கவே நிற்காது. பேசினால் தூக்கும், சாப்பிட்டால் நகரும், கடைசியில் டப்பாவிலேயே கிடந்தது. கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு, அதில் கிளிக் என்று மாட்டிக்கொள்ளும் ஓவர்டென்சர் என்கிற பல் செட்டு செய்துகொடுத்தோம். இரவில் கழற்றிக் கழுவி வைக்கலாம். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய நிபுணர்கள், கீழ்ப்பல் அத்தனையும் போனவருக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சையே இந்த இரண்டு இம்பிளாண்ட் ஓவர்டென்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கு விளம்பரம் போட ஆளில்லை. கிளிப்புக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும், செலவு அதிகமில்லை. பெங்களூரில் ராகி முத்தே சாப்பிடப் பல்லே தேவையில்லை, உருட்டி விழுங்கிவிடலாம். பெரியம்மாவுக்கு வேண்டியது சீடை. இப்போது சாப்பிடுகிறார்.

இனி யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டிமேட்டில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும். எலும்புக்குள் போவதும் அதே கம்பெனிதான், அதில் பொய் இல்லை. ஆனால் எங்களுக்கு வரும் அபட்மென்ட் சில சமயம் வேறு ஒருவர் செய்தது. தொழிலில் கம்பாட்டிபிள் என்பார்கள். அசலின் அளவைப் பார்த்துச் செய்தது, விலை பல மடங்கு குறைவு. கம்பாட்டிபிள் எல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன், நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மோசமானதில் உட்காரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழும். அங்கே பொடி ஸ்க்ரூ அடிக்கடி லூசாகும், கிருமியும் தங்கும். அதோடு பெரிய கம்பெனிகள் தரும் கேரண்டி பொதுவாக அசல் பாகங்களைச் சேர்த்துப் போட்டால்தான் செல்லும். அந்தக் கேரண்டியும் பெரும்பாலும் புது ஸ்க்ரூ தருவதோடு சரி, ஆபரேஷன் செலவும் உங்கள் அலைச்சலும் அதில் வராது. வாழ்நாள் கேரண்டி என்று வாயால் சொன்னால் எழுதிக் கேளுங்கள். அபட்மென்ட்டும் அதே கம்பெனியா என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம், நல்ல டாக்டருக்கு அது சந்தோஷமான கேள்வி.

கேப்பை எப்படிப் பிடிக்க வைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிமென்ட் வைத்து ஒட்டலாம், அல்லது கேப்பின் நடுவே ஓட்டை விட்டு ஸ்க்ரூவால் முடுக்கி, ஓட்டையை பல் நிறத்தில் அடைக்கலாம். ஒட்டினால் பார்க்க அழகு. ஆனால் பிதுங்கிய சிமென்ட் ஈறுக்கடியில் தங்கிவிட்டால் புண்ணாகி, கவனிக்காவிட்டால் எலும்பையே கரைக்கும். ஸ்க்ரூவில் முடுக்கினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம். கடவாய்ப்பல்லுக்கு நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். முன்பல்லில் ஸ்க்ரூ சாய்ந்து நின்றால் ஓட்டை முன்பக்கம் வந்துவிடும் என்பதால் அங்கே பெரும்பாலும் ஒட்டத்தான் வேண்டியிருக்கும்.

இப்போது ஸ்டிக்கர். கே.ஆர். புரத்தில் தொழிற்சாலை வேலை முடித்து, திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்ட ஒரு பெரியவரின் கேஸ் எங்களிடம் வந்தது. வேலையில் இருந்தபோது இங்கே ஒரு கிளினிக்கில் இம்பிளாண்ட் போட்டிருக்கிறார். வருஷங்கள் கழித்து கேப் ஆடத் தொடங்கியது. ஊரில் இருக்கும் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, போட்ட இடத்திலேயே போய்க் காட்டுங்கள் என்றிருக்கிறார். மகள் பெங்களூருக்குக் கூட்டி வந்தாள். கிளினிக் இருந்த இடத்தில் மொபைல் கடை. வேறு ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் எக்ஸ்ரே படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது எந்தக் கம்பெனின்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

எக்ஸ்ரேயில் மரையின் வெட்டு, அடி முனையின் வடிவம், மேல் வாயின் சரிவு இவற்றை வைத்து ஊகிக்கலாம். ஆனால் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவை ஏராளம். உள்ளே அறுகோணமா, கூம்பா, அறுகோணம் என்றால் எத்தனை மில்லிமீட்டர், ஒரே கம்பெனியிலேயே மினியா ரெகுலரா என்று ஒவ்வொன்றும் மாறும். ஸ்க்ரூடிரைவர்கூட ஒன்றுக்கொன்று பொருந்தாது, பொருந்துவது போலக் காட்டிவிட்டுத் தலையை வழித்துவிடும். கம்ப்யூட்டரில் கேப் டிசைன் செய்யவும் கம்பெனிவாரியாக அளவுகள் இருக்கும் இம்பிளாண்ட் லைப்ரரியில் சரியான பெயரைத் திறந்தாக வேண்டும். பெரியவருடையது சிமென்ட் வைத்து ஒட்டியது, ஓட்டை எங்கே என்றே தெரியாமல் கேப்பை வெட்டித்தான் எடுத்தார்கள். உள்ளே ஸ்க்ரூ தலையை ஏற்கெனவே யாரோ முயன்று வழித்துவிட்டிருந்தார்கள். கடைசியில் கம்பெனியைக் கண்டுபிடித்தோம், அந்த மாடலுக்கு இங்கே பாகம் வருவது நின்றுபோயிருந்தது. தனியாகக் கடைந்து அபட்மென்ட் செய்து புது கேப் போட்டாயிற்று, செலவும் புதுசு. எலும்புக்குள் இருந்த ஃபிக்ஸ்சரில் அத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு குறையும் இல்லை!

போர்வெல்லில் இறக்கிய மோட்டாரின் ஹெச்.பி., எத்தனை அடி, எத்தனை பைப் என்று வீட்டுச் சுவரில் எழுதி வைக்கிற ஊர் இது. இம்பிளாண்டுக்கு எழுதக்கூட வேண்டாம். ஃபிக்ஸ்சர் வரும் டப்பாவிலேயே உரித்து ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கர் வருகிறது. கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். கிளினிக் ஃபைலில் ஒன்று, உங்கள் கையில் ஒன்று. அபட்மென்ட் டப்பாவிலிருந்தும் அதேபோல வாங்குங்கள். கேப் சிமென்ட்டா ஸ்க்ரூவா என்று டாக்டரையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். நம் ஆட்கள் வேலைக்குப் பெங்களூரில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் என்று போகிறவர்கள். பல் அவர்களோடு போகும், டாக்டர் போக மாட்டார். ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ நீட்டினால் படிக்கத் தெரியாத பெரியவர்களும் நம்மில் உண்டு. அவர்களும் இந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிவிடலாம்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவையும் சில உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, பீடி சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையை நம் வீட்டுப் பெண்கள் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், தாடை எலும்பு ஆறுவதோடு சம்பந்தப்பட்டது. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். சொந்தப் பல்லுக்கு எலும்போடு ஒரு மெல்லிய நார்ப்பிடிப்பு உண்டு, அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். இம்பிளாண்டுக்கு அது இல்லாததால் பீங்கான்தான் அடி வாங்கும். அப்படி உதிர்ந்து வரும் கேப்புகளில் பாதிக்கு இரவில் பல்லில் மாட்டும் உறையான நைட் கார்டு ஒன்று போட்டிருந்தால் வேலையே வந்திருக்காது. எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

கடைசிக் கடவாய் ஒன்று மட்டும் போயிருந்து, சாப்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லையென்றால், அப்படியே விடலாமா என்றும் கேளுங்கள். விடலாம் என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே கேப் போட்டிருந்தால் பிரிட்ஜ் போதுமாக இருக்கலாம். பக்கத்துப் பற்கள் பழுதில்லாமல் இருக்கும்போது பிரிட்ஜுக்காக அவற்றைச் சீவித் தேய்ப்பதற்குப் பதில் இம்பிளாண்டே மேலானது. பணம்தான் தடை என்றால் நகரில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் கூடுதலாகும், கட்டணம் குறையும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பல் சிகிச்சைச் சிறப்புப் பக்கம் போடும்போது, விளம்பரம் தரும் கிளினிக்குகளிடம் ஒரே ஒரு வரி கேட்டு விலைக்குக் கீழே அச்சிடுங்கள்: போட்ட இம்பிளாண்டின் ஸ்டிக்கரை நோயாளியிடம் தருகிறீர்களா, அபட்மென்ட் அதே கம்பெனியுடையதா? மழுப்புகிறவர்களின் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, பத்திரிகையும் நடக்க வேண்டும். பதிலை அப்படியே போட்டுவிடுங்கள், வாசகர் பார்த்துக்கொள்வார்.

என் பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு வேலை அனுப்பும் டாக்டர்களில் சிலர் தமிழ் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு டென்டல் மெக்கானிக்,
சிவாஜி நகர், பெங்களூர்